வண்டியைத் தூக்கினாய், ஸ்டீரிங்கை விட்டுவிட்டாய்

மாரியப்பா, உன்னைப் பெற்றவள் எழுதுகிறேன். நலமா என்று கேட்கப் போவதில்லை. சாத்தூரில் உன் கூட்டாளி அறையில் தங்கிக்கொண்டு, புரோட்டா தின்றுகொண்டு, லோடு வண்டியைக் கழுவித் துடைத்துக்கொண்டு நீ நன்றாகத்தான் இருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். நேரில் சொல்லலாம் என்றால் நான் வாயைத் திறந்ததும் நீ இன்ஜினை ஸ்டார்ட் செய்துவிடுகிறாய். போனில் சொல்லலாம் என்றால் இரண்டாவது வார்த்தையிலேயே சிக்னல் இல்லை என்கிறாய். அதனால் நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்த எட்டாங்கிளாஸ் படிப்பை வைத்துக்கொண்டு ரூல் போட்ட நோட்டில் எழுதுகிறேன். பிழை இருந்தால் சிரித்துக்கொள். ஆனால் முழுசாகப் படி. நான் பேசினால் நிறுத்தத் தெரியாதவள் என்று ஊரே சொல்லும். எழுதினாலும் அப்படித்தான் இருக்கும். இதை உனக்கு மட்டும் எழுதவில்லை. முடித்ததும் மூன்று ஜெராக்ஸ் எடுக்கப் போகிறேன். ஒன்று செல்விக்கு. ஒன்று தை மாதம் உனக்குப் பெண் கொடுக்கப் போகிறவர்களுக்கு. ஒன்றைக் கோயில் முன்னால் உட்கார்ந்து நானே எல்லோருக்கும் வாசித்துக் காட்டப் போகிறேன்.

தீபாவளிக்குப் பிறகு அடைத்த பட்டாசுக் கம்பெனியைத் திங்கட்கிழமை பூஜை போட்டுத் திறக்கிறார்கள். காலை ஏழு மணிக்கு நம் ஊர் மோட்டார் ரூம் முன்னால் பெண்கள் தூக்குவாளியோடு வந்து நிற்பார்கள். அவர்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வெம்பக்கோட்டைப் பக்கம் கண்மாய்க் கரை வழியாக நீ போவாய். ஆவணி மாதம் செல்வி விழுந்த அதே கரை. ஐப்பசி மழை அந்தப் பள்ளத்தை இன்னும் ஆழமாக அரித்து வைத்திருக்கிறது; நான் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வண்டியோ ஆவணியில் இருந்த மாதிரியேதான் இருக்கிறது. ஸ்டீரிங்கைச் சரி செய்யாமல் அந்த வண்டியில் ஒருத்தியையும் ஏற்றாதே. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். நீ ஏன் அதைச் சரி செய்யாமல் இருக்கிறாய், அதில் என் பங்கு எவ்வளவு என்பதைத்தான் மீதிப் பக்கங்களில் எழுதப் போகிறேன்.

ஆனி மாதம் நீ வண்டியைத் தூக்கிக் கட்டியபோது எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா. கரிசல் பாதையில் மழைக்கு வண்டியின் வயிறு சேற்றில் உட்கார்ந்துவிடுகிறது, அதனால் உயர்த்த வேண்டும் என்று சொன்னாய். அது பாதி உண்மை. மீதிப் பாதி உன் போனில் இருந்த வீடியோக்கள். ஸ்பிரிங் பட்டையைத் தொங்கவிடுகிற இரும்புக் காதுகளை நீளமாக அடித்து வாங்கி வந்தாய், பட்டையில் இன்னும் இரண்டு தகடு சேர்த்தாய், பெரிய டயர் போட்டாய். நீயும் உன் கூட்டாளியும் நம் வீட்டு முன்னாலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கிடந்து வேலை பார்த்தீர்கள். சாயங்காலம் வண்டி எழுந்து நின்றபோது குதிரை மாதிரி இருந்தது. நான் மஞ்சள் பூசி, பூச்சூட்டி, நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, இருக்கன்குடி ஆத்தா பெயரைச் சொல்லி நசுக்க வைத்தேன். அடியில் என்ன இருக்கிறது என்று நான் குனிந்தும் பார்க்கவில்லை. பார்த்தாலும் தெரிந்திருக்காது; தெரிந்தவர் சொன்னபோது நீ கேட்டிருக்கலாம்.

மறுநாள் பெண்களால் ஏற முடியவில்லை. நான் வீட்டிலிருந்து பிளாஸ்டிக் ஸ்டூல் கொண்டுவந்து போட்டேன். செல்வி புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு வண்டியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “ஏத்தே, ஒங்க மகனுக்குப் பொண்ணு பாக்கீகளா, ஏணி பாக்கீகளா?” என்று கேட்டாள். பதினாலு பேரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். நானும் பல்லைக் காட்டினேன். ஆனால் அந்தச் சிரிப்பை நான் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டேன். என்னை அத்தை என்று கூப்பிடுகிற ஊரில், என் பிள்ளையின் வண்டியைப் பார்த்து ஒருத்தி கேலி செய்துவிட்டாள் என்று எனக்குள் ஒரு முள் ஏறியது. அவ்வளவு சின்ன முள் பின்னால் என்ன செய்தது என்று சொல்கிறேன், பொறு.

தூக்கிய இரண்டாம் வாரமே ஸ்டீரிங் வளையம் கோணலாக நிற்க ஆரம்பித்தது. வண்டி நேராகப் போகும்போது வளையம் கழுத்து சுளுக்கியவன் தலை மாதிரி ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். வளைவில் திருப்பினால் தானாகத் திரும்பி வராது. நீதான் இழுத்துக்கொண்டு வர வேண்டும். டீசல் போடச் சாத்தூர் போனபோது, அமீர் பாய் தன் பட்டறை வாசலில் நின்று பார்த்துவிட்டு நம்மை நிறுத்தினார். நான் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். என் காதால் கேட்டேன்.

“தம்பி, தூக்குனது சரி. தூக்குனதுக்கு ஏத்த மாதிரி அடியில மாத்தணும்ல? ஆக்சில் சாஞ்சு போச்சு. கம்பி ஏணி மாதிரி நிக்குது. ரெண்டு நாளைக்கு வண்டிய விட்டுட்டுப் போ.”

“பாய், கோயம்புத்தூர்ல பசங்க பூராவும் இப்படித்தான் ஓட்டுறாங்க.”

“அவங்க எப்படி ஓட்டுறாங்கன்னு நீ வீடியோலதான தம்பி பாத்த. அடியில என்ன போட்டிருக்காங்கன்னு அதுல காமிக்க மாட்டாங்க.”

நீ என்ன செய்தாய்? அலைன்மென்ட் பார்த்தாகிவிட்டது என்று பொய் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாய். வீட்டுக்கு வந்து வளையத்தைக் கழற்றி, நேராக நிற்கிற மாதிரி தண்டில் ஒரு பல் தள்ளித் திரும்ப மாட்டினாய். அந்த நட்டை நீ முறுக்கும்போது வளையத்தை அசையாமல் பிடித்துக்கொண்டவள் நான். “ஏலே, பாய் சொன்னது இதத்தானா?” என்று கேட்டேன். “ஆமாம்மா, நேராயிருச்சு பாரு” என்றாய். நேராகத்தான் இருந்தது. பார்க்கிற இடம் நேராகிவிட்டது. பார்க்காத இடம் அப்படியே கோணலாகக் கிடந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது. என் வளர்ப்பு எப்போதும் அப்படித்தான் இருந்திருக்கிறது, யோசித்துப் பார்.

நீ ஆறாங்கிளாஸ் படிக்கும்போது நம் ஆட்டைக் கட்டாமல் விட்டுவிட்டு விளையாடப் போனாய். எதிர்வீட்டு அம்மா வெடிக்குச் சுற்றிய காகிதக் குழல்களைப் பசை காயட்டும் என்று தெருவில் பரப்பியிருந்தாள். ஒரு வாரத்து வேலை. ஆடு மிதித்தது போக மீதியைத் தின்றது. அவள் அழுதுகொண்டு வந்தாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “ஆடு நடக்குற பாதையில காயப்போட்டா ஆடு திங்காம கும்பிட்டுட்டா போகும்?” என்றேன். அவள் திரும்பி வீட்டுக்குள் போய்விட்டாள். நீ கதவு இடுக்கில் நின்று சிரித்தாய். நான் உன்னை இழுத்து இரண்டு வைத்திருக்க வேண்டும். இட்லி வைத்தேன். தப்பு செய்தால் அம்மா வேறொருத்தி தலையில் இறக்கி வைப்பாள் என்பதை நீ அன்றைக்கே படித்துக்கொண்டாய். உனக்கு ஒழுங்காக ஏறிய பாடம் அது ஒன்றுதான்.

ஆவணியில் அந்தக் காலை. முந்தின நாள் மழை. நான் எப்போதும் போல உன் பக்கத்தில் முன் சீட்டில். டிரைவருக்கு அம்மா என்பதால் எனக்கு அந்த இடம். பின்னால் தொட்டியில் பெண்கள். செல்வி கடைசியில், பின் கதவை ஒட்டி. கரை மேல் ஏறியதும் இடது பக்கச் சக்கரம் பள்ளத்தில் இறங்கியது. மாரியப்பா, நான் உன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ திருப்பவில்லை. வளையம் உன் கைக்குள் தானாகச் சுற்றியது, யாரோ அடியிலிருந்து பிடித்து இழுத்த மாதிரி. வண்டி கரையை விட்டு வாய்க்கால் பக்கம் ஓடி, முன் சக்கரம் கீழே தொங்க நின்றது. பின் கதவு திறந்துகொண்டது. செல்வி வாய்க்காலின் கல் கட்டின் மேல் இடுப்பு அடிபட விழுந்தாள். மற்றவர்கள் ஒருவர் மேல் ஒருவர் கிடந்து அலறினார்கள். அவள் மட்டும் வாயைத் திறந்தபடி வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

ஆஸ்பத்திரி வராண்டாவில் “நான் திருப்பலமா, சத்தியமா திருப்பல” என்று திரும்பத் திரும்பச் சொன்னாய். நானும் பார்த்தேன் அல்லவா, நீ திருப்பவில்லை என்று. அப்படியானால் யார் திருப்பியது? ஆத்தா மேல் பாரத்தைப் போட்டு வளர்ந்த எனக்கு வேறு எந்த வழியில் புத்தி ஓடும்? ஏதோ தீட்டு, ஏதோ குற்றம் என்று ஓடியது. அது அறியாமை. அதற்கு ஆத்தா என்னை மன்னிப்பாள் என்று நினைக்கிறேன். அதற்கு அடுத்து நான் செய்ததற்கு மன்னிப்பு கிடைக்காது. வலி ஊசி போட்டு அரை மயக்கத்தில் கிடந்தவளின் காதோரம் குனிந்து, “ஒனக்கு நாள் கணக்கு என்னடி?” என்று கேட்டேன். அவள் என்னைத் தாய் மாதிரி நினைத்து, மறைக்காமல், “ரெண்டாவது நாளுத்தே” என்றாள். அந்த நேரம் எனக்கு வந்த நிம்மதியை இப்போது நினைத்தால் சோறு இறங்கவில்லை. ஏணி பாக்கீகளா என்று கேட்டாளே, அவள்தான் அகப்பட்டாள்.

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கச் சொல்லி முடித்தேன். சாமி படம் வைத்து, எலுமிச்சம்பழம் கட்டிய வண்டியில் இரண்டாம் நாள் தீட்டோடு ஏறிவிட்டாள் என்று ஆரம்பித்தேன். சிலர் தலையாட்டினார்கள், சிலர் ஆட்டவில்லை. ஆட்டாதவர்களுக்காக, இருக்கன்குடியில் போய்க் குறி கேட்டேன், ஆத்தாளே சொல்லிவிட்டாள் என்று சேர்த்தேன். நான் அந்த வாரம் கோயிலுக்கே போகவில்லை. செவ்வாய், வெள்ளி தவறாமல் விரதம் இருக்கிற இந்த வாயால் ஆத்தா பேசாத பேச்சை ஆத்தா பேசினாள் என்று சொன்னேன். அதன்பிறகு எல்லோரும் தலையாட்டினார்கள். பட்டாசு வேலையில் இருக்கிறவர்கள் நாம். ஒரு பொறியில் எது வேண்டுமானாலும் நடக்கும் என்று பயந்து பயந்து பழகியவர்கள். பயந்தவர்களிடம் சாமி பெயரைச் சொன்னால் மேற்கொண்டு கேள்வி கேட்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஆயுத பூஜை அன்றைக்கு நடந்ததை நீ மறந்திருக்கலாம், ஏனென்றால் நீ போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். வண்டிக்கு வாழைக்கன்று கட்டி, பொட்டு வைத்து, மாலை போட்டு நிறுத்தியிருந்தோம். செல்வியின் மாமியார் அவளை ஆஸ்பத்திரியில் கொடுத்த நான்கு கால் நடைக்கம்பியைப் பிடிக்க வைத்துத் தெருவில் நடத்திக் கூட்டி வந்தாள். குற்றம் கழிய வேண்டும் என்று நான்தான் சொல்லி அனுப்பியிருந்தேன். குனிய முடியாதவள் கையில் மஞ்சள் தண்ணீர்ச் செம்பைக் கொடுத்து முன் டயரில் ஊற்றச் சொன்னேன். பாதி அவள் காலிலேயே கொட்டியது. “மன்னிச்சிருன்னு சொல்லும்மா” என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், பிறகு வண்டியைப் பார்த்தாள். “மன்னிச்சிரு” என்றாள். வண்டியிடம். ஆக்சில் சாய்ந்து, கம்பி கோணிக் கிடந்த ஒரு இரும்பிடம், அதனால் இடுப்பு உடைந்த ஒரு மனுஷி மன்னிப்புக் கேட்டாள். நீ சீட்டில் உட்கார்ந்திருந்தாய். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. நான் குலவை போட்டேன்.

போன செவ்வாய்க்கிழமைதான் நிஜமாகவே இருக்கன்குடிக்குப் போனேன். திரும்பும்போது சாத்தூரில் பஸ்ஸுக்கு நின்ற என்னை அமீர் பாய் பார்த்துவிட்டு, பட்டறையில் உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். “அந்தப் பொண்ணு எப்படிக்கா இருக்கு?” என்று கேட்டார். நான் வழக்கம்போல என் கதையை எடுத்துவிட்டேன். தீட்டு, எலுமிச்சம்பழம், ஆத்தா வாக்கு, எல்லாம். பாய் டீயைக் கீழே வைத்தார்.

“அக்கா, சாமி விசயம் நான் பேசல. எனக்கு வண்டி மட்டுந்தான் தெரியும். இப்படி வாங்க.”

ஒரு நீளக் கம்பியை எடுத்து ஒரு முனையை என் கையில் கொடுத்து, மறுமுனையை அவர் பிடித்துக்கொண்டார். கம்பி தரைக்குப் படுக்கையாக இருந்தபோது என் கையை லேசாக மேலும் கீழும் ஆட்டச் சொன்னார். அவர் கை அசையவே இல்லை. பிறகு அவர் முனையை மட்டும் தோளுக்கு மேல் உயர்த்திக்கொண்டார். கம்பி சாய்ந்து நின்றது. “இப்ப ஆட்டுங்க” என்றார். ஆட்டினேன். நான் மேலே தூக்கிய ஒவ்வொரு தடவையும் அவர் கை பின்னால் தள்ளப்பட்டது.

“ஒங்க கை சக்கரம். எங்கை ஸ்டீரிங் பெட்டி. வண்டியத் தூக்கும்போது பெட்டி மேல போயிரும், சக்கரம் கீழயே இருக்கும். கம்பி சாஞ்சிரும். பள்ளத்துல விழுந்து சக்கரம் மேல ஏறுனா யாரும் திருப்பாமலே திரும்பும். அதுக்குத்தான் பெட்டியில நீளமான கையி ஒண்ணு மாட்டிக் கம்பியப் பழையபடி படுக்க வைக்கணும். இன்னொண்ணும் இருக்கு. சைக்கிள்ல ரெண்டு கையையும் விட்டாலும் நேராப் போகுதுல்ல? முன்சக்கரத்துக்கு ஒரு சாய்வு வச்சிருக்காங்க, அதனால. ஒங்க மகன் காத நீட்டுனதுல அந்தச் சாய்வு போச்சு. ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவுல ஆப்பு வச்சு அத மீட்டு எடுக்கணும். ரெண்டு நாள் வேலை. அன்னைக்கே சொன்னேன்.”

உன் அப்பா கம்பெனி லோடு வண்டி ஓட்டிய காலத்தில் ஒரு தடவை என்னை முன்னால் உட்கார வைத்து, நேர் ரோட்டில் வளையத்தின் மேலிருந்து கையை எடுத்துவிட்டு, “பாத்தியா, அதுவா வருது” என்று சிரித்தது ஞாபகம் வந்தது. நான் அன்றைக்கு அவர் தோளில் அடித்தேன், விளையாட்டு என்று நினைத்து. “வண்டிக்கு ஏதுக்கா தீட்டு, அது இரும்பு” என்று பாய் மெதுவாகச் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை. கம்பி என் கையிலேயே இருந்தது. அவர்தான் வாங்கி வைத்தார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து உன்னிடம் சொன்னேன். ஆத்திரப்படாமல்தான் சொன்னேன். வண்டியைப் பாய் பட்டறையில் விடு, ரெண்டே நாள் என்றேன். நீ சாப்பிட்டுக்கொண்டே சொன்னாய்: “இப்பச் சரி பண்ணா அன்னைக்கு வண்டிதான் தப்புன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்லம்மா? ஊரே அவ மேலதான்னு சொல்லிக்கிட்டிருக்கு. நீதான சொன்ன. இப்ப எதுக்குக் கிண்டுற?” அதைச் சொல்லிவிட்டு ரசம் கேட்டாய். நான் ரசம் ஊற்றவில்லை. நீ எழுந்து போனவன்தான், இன்னும் வீட்டுக்கு வரவில்லை.

உனக்கு அப்படி ஒரு மனசு எங்கிருந்து வந்தது என்று நான் ஆச்சரியப்படவில்லை. நான் ஊட்டியதுதான். உன்னைக் காப்பாற்ற நான் சொன்ன பொய்தான் இப்போது அந்த ஆக்சிலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. சரி செய்தால் நீ குற்றவாளி. சரி செய்யாவிட்டால் செல்வி குற்றவாளி. அதனால் சரி செய்யாமல் ஓட்டுகிறாய். பாய் வெட்டிப் போட்ட கழிவு இரும்புக்குக்கூட உன்னைவிட மானம் இருக்கிறது, கோணலாக இருக்கிறேன் என்று அது ஒளிக்காமல் காட்டுகிறது. தை பிறந்தால் ஒருத்தி உன்னை நம்பி வரப் போகிறாள். குழம்பு கருகினால், குழந்தை தங்காவிட்டால், டயர் பஞ்சரானால், நீ முதலில் அவள் முகத்தைத்தான் பார்ப்பாய். நாள் கணக்கு என்ன என்று கேட்பாய். அந்தப் பெண்ணின் வீட்டாருக்கு ஒரு ஜெராக்ஸ் எதற்கு என்று இப்போது புரிகிறதா? படித்த பிறகும் பெண் கொடுத்தார்கள் என்றால் அது அவர்கள் பாடு.

பெண்களிடம் சொல்லிவிட்டால் அவர்களே ஏறமாட்டார்கள், உன் தயவு எதற்கு என்று நினைத்தேன். நேற்று வெள்ளிக்கிழமை, ரேஷன் கடை வரிசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். குறி கேட்டேன் என்றது பொய், ஸ்டீரிங்தான் காரணம், கம்பி சாய்ந்திருக்கிறது, திங்கட்கிழமை ஏறாதீர்கள் என்றேன். கம்பியை எப்படிப் பிடிப்பது என்று இரண்டு பேரை நிறுத்திக் காட்டினேன்கூட. பேக்கிங்கில் என் பக்கத்தில் லேபிள் ஒட்டுகிறவள் இருக்கிறாளே, பொன்னுத்தாய், அவள் சர்க்கரைப் பையை இடுப்பில் மாற்றிக்கொண்டு கேட்டாள்: “ஏத்தே, அன்னைக்கு ஆத்தா சொன்னான்னு சொன்னீக. இன்னைக்கு பாய் சொன்னாருன்னு சொல்லுதீக. ஆத்தா பொய் சொல்லுவாளா?”

“ஆத்தா சொல்லலடி. நான்தான் சொன்னேன்.”

“மருமக வரப்போறால்ல. அதுக்குள்ள மகன ஒரு தட்டு தட்டி வைக்கப் பாக்கீக. கல்யாணத்தக் கலைக்கணும்னா வீட்டுக்குள்ள கலைங்கத்தே. எங்களுக்கு வேற வண்டி எங்கன இருக்கு?”

எல்லோரும் சிரித்தார்கள். செல்வி மேல் சொன்ன பொய்யை ஒரு சாயங்காலத்தில் நம்பியவர்கள், என் மேல் நானே சொல்லிக்கொண்ட உண்மையை நம்பவில்லை. அவ்வளவு கச்சிதமாகப் பொய் சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை அவர்கள் ஏறுவார்கள்.

ரேஷன் கடையிலிருந்து நேராகச் செல்வி வீட்டுக்குப் போனேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அந்த வீட்டில் ஒரே நாற்காலி. “எனக்குக் கீழ உக்கார முடியாது. அதனால நீங்க கீழ உக்காருங்கத்தே” என்றாள். தரையில் உட்கார்ந்துதான் கம்பெனியில் பட்டாசுச் சக்கரம் சுற்ற வேண்டும். அதனால் அவளை இனிமேல் வேலைக்குக் கூப்பிடப் போவதில்லை, உனக்கும் தெரியும். நான் கீழே உட்கார்ந்து, ஒன்று விடாமல் சொன்னேன். ஊசி போட்ட மயக்கத்தில் அவளிடம் கேட்ட கேள்வியையும், எதற்காகக் கேட்டேன் என்பதையும் சொன்னேன். அழுதேன். அவள் அழவில்லை. என் அழுகை முடிகிற வரைக்கும் காத்திருந்தாள், பஸ் போகட்டும் என்று ரோட்டோரம் நிற்கிற மாதிரி.

“மன்னிச்சிருன்னு நான் வண்டிகிட்டக் கேட்டேன். அது பேசாம நின்னுச்சு. நீங்க எங்கிட்டக் கேக்கீக. நானும் பேசாம இருக்கேன்” என்றாள். பிறகு நடைக்கம்பியைப் பிடித்து எழுந்து அடுப்படிக்குப் போனாள். கால் தரையில் இழுபடுகிற சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் அவள் திரும்பி வரவில்லை. நான் எழுந்து வந்துவிட்டேன்.

ஆக, ஊரிடம் என் பேச்சு செல்லாது. செல்வியிடம் என் அழுகை செல்லாது. மிச்சம் நீதான். இதை இன்றைக்குச் சாயங்கால பஸ்ஸிலேயே உனக்குக் கொடுத்தனுப்புகிறேன். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, பாய் உனக்காகப் பட்டறையைத் திறந்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். ரெண்டு நாள் ஆகுமே, திங்கட்கிழமை பெண்கள் எப்படிப் போவார்கள் என்று கேட்பாய். நடக்கட்டும். பூஜை அன்றைக்கு ஒரு நாள் பொரிகடலை வாங்கத் தாமதமாகப் போனால் யாரும் செத்துவிட மாட்டார்கள். வண்டி ஏன் வரவில்லை என்று கேட்பார்கள் அல்லவா, அப்போது மோட்டார் ரூம் முன்னால் நின்று, ஸ்டீரிங்கைச் சரி செய்யப் போட்டிருக்கிறேன், ஆனியிலேயே செய்திருக்க வேண்டும் என்று உன் வாயால் சொல். என் பேச்சை நம்பாதவர்கள் உன் பேச்சை நம்புவார்கள். வண்டி ஓட்டுகிறவன் தன் வண்டி மேல் குறை சொன்னால் நம்பாமல் இருக்க முடியாது.

செய்யாமல் வருவாய் என்றால், வா. நான் முன் சீட்டில் உட்கார மாட்டேன். பின்னால் ஏறுவேன், கடைசியில், கதவை ஒட்டி. பொன்னுத்தாயும் மற்றவர்களும் உள்ளே தள்ளி உட்காரட்டும். திங்கட்கிழமை மட்டுமில்லை, வண்டி சரியாகிற வரைக்கும் தினமும் அங்கேதான். காலையில் தலைக்குக் குளித்து, நெற்றி நிறைய ஆத்தா குங்குமம் வைத்துக்கொண்டு வருவேன். எனக்கு மாதக் கணக்கு நின்று ஆறு வருஷம் ஆகிறது, மாரியப்பா. கரையில் சக்கரம் பள்ளத்தில் இறங்கி, வளையம் உன் கைக்குள் தானாகச் சுற்றி, இந்தத் தடவை நான் அந்தக் கல் கட்டின் மேல் போய் விழுந்தால், என் காதோரம் குனிந்து நீ என்ன கேட்பாய்?